காலடிப்பேட்டையை நடந்து பாருங்கள்

மார்செய், நேபிள்ஸ் என்று மத்தியதரைக் கடல் துறைமுக ஊர்களுக்குப் போகிறவர்கள் பழைய தெருக்களை நடந்தே பார்க்கிறார்கள். வடசென்னைக்கும் அந்த மரியாதை சேரவேண்டும் என்று நினைக்கிறவன் நான். 2021 பிப்ரவரியில் மெட்ரோ வந்தபிறகு காலடிப்பேட்டைக்கு வந்துசேர்வதில் சிரமமே இல்லை. விருந்தாளிகளை இங்கே அழைத்துவந்து பழகியதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் காலம். பஞ்சாங்கப்படி இளவேனில் சித்திரையில்தான் பிறக்கிறது. ஆனால் சென்னையில் சித்திரை வெயிலில் யாரும் ஊர் சுற்ற முடியாது. மாசிக் கடைசியும் பங்குனி முதல் பாதியும்தான் நமக்கு நடக்க ஏற்ற நாட்கள். அதிலும் காலை ஆறரைக்குள் ரயிலை விட்டு இறங்கிவிட வேண்டும். பத்து மணிக்குமேல் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் வண்டி நெரிசலும் வெக்கையும் சேர்ந்துகொள்ளும்.

ராயபுரம், காசிமேடு, எண்ணூர் எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாமா என்று விருந்தாளிகள் கேட்பார்கள். நான் சம்மதிப்பதில்லை. காலடிப்பேட்டையில் தொடங்கித் திருவொற்றியூர் தேரடி, அங்கிருந்து கடற்கரை. ஒரு காலைக்கு இது போதும்.

மதராஸ் கவர்னராக 1717 முதல் 1720 வரை இருந்த ஜோசப் காலட், கிழக்கிந்தியக் கம்பெனியின் துணி வியாபாரத்துக்காக நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர் இது. அவர் பெயர்தான் ஊர்ப்பெயரானது. கல்யாண வரதராஜப் பெருமாள் கோயிலுக்கும் அவருக்கும் சம்பந்தம் உண்டு. அவரிடம் வேலை பார்த்த வீரராகவர் காஞ்சி வரதரைத் தரிசிக்காமல் வேலைக்கு வரமாட்டாராம். "இந்நேரம் காஞ்சியில் என்ன நடக்கிறது?" என்று துரை சோதிக்க, அவர் இருந்த இடத்திலிருந்தே சொன்னது அப்படியே சரியாக இருந்ததாம். அதற்குப் பிறகு எழுந்த கோயில் என்பது தலக்கதை. கதையைக் கேட்டுவிட்டுச் சந்நிதிக்குள் போங்கள், தரிசனமே வேறு மாதிரி இருக்கும்.

வழிக்குச் செல்போனைப் பார்க்காதீர்கள். பூ கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் கோயிலுக்கு வழி கேட்டேன். கை நாரை விடவில்லை; "நேரா போ தம்பி, சோத்தாங்கைப் பக்கம் திரும்பு. சீக்கிரம் போ, நடை சாத்திடுவாங்க" என்றார். நடை சாத்தும் நேரம் எந்த வரைபடத்திலும் சரியாக இருப்பதில்லை. உச்சிப்பொழுதுக்குப் பிறகு வந்தால் சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

அடுத்து திருவொற்றியூர்த் தியாகராஜர் கோயில். இங்கே பெரும்பாலோர் வடிவுடையம்மனைக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் ஆதிபுரீசுவரர் கருவறையைச் சுற்றிப் பின்பக்கம் வாருங்கள். படுத்திருக்கும் யானையின் முதுகைப்போல விமானம் வளைந்திருக்கும். தூங்கானை மாடம் என்பது இதுதான். முதலாம் ராஜேந்திர சோழன் காலத்துக் கருங்கல் வேலை; கல் வளைவில் திரும்பும் இடத்தில் நின்று நிதானமாகப் பாருங்கள். மகிழ மரத்தடிக்கும் போகவேண்டும். சங்கிலி நாச்சியாரைப் பிரியேன் என்று சுந்தரர் சத்தியம் செய்து, பிறகு அதை மீறிக் கண்ணிழந்தார் என்பது புராணம். மாசித் திருவிழாவில் மகிழடி சேவை நடக்கும்.

பட்டினத்தார் சமாதி கடலை ஒட்டியிருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போது கன்டெய்னர் லாரிகள் விஷயத்தில் கவனம் வேண்டும். வரிசையாக நிற்கும் டிரெய்லர்களுக்கு இடையே புகுந்து சாலையைக் கடக்காதீர்கள். உயரத்தில் இருக்கும் டிரைவருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். மெரினா மாதிரி மணல்வெளியை எதிர்பார்க்கவும் வேண்டாம். அலை கரையை அரித்ததால் பாறாங்கல் கொட்டியிருக்கிறார்கள். வழுக்கும், ஏறாதீர்கள். வலை பிரித்துக்கொண்டிருப்பவரைப் படமெடுப்பதானால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். அது அவர் வேலை பார்க்கும் இடம்.

இன்னொரு காலை மிச்சமிருந்தால் ராயபுரம் ரயில் நிலையம். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. அந்தப் பழைய கட்டடம் இன்னும் நிற்கிறது.

ஆதிபுரீசுவரரைக் கவசமில்லாமல் தரிசிக்க வேண்டுமானால் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாட்களில்தான் முடியும். அப்போது கூட்டம் தாங்காது. ஊரையும் தெருவையும் பார்க்க விரும்புகிறவர்கள் மாசியிலேயே வாருங்கள். தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் மறக்க வேண்டாம்.