முதலுதவி: ஊருக்குப் போகும் நர்சிங் மாணவ மாணவியருக்கு 10 குறிப்புகள்

விடுமுறைக்கு ஊருக்குப் போனால், தெருவில் யாருக்கு என்ன நேர்ந்தாலும் நர்சிங் படிக்கும் பிள்ளையைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். அங்கே டிராலி இருக்காது, டூட்டி டாக்டரும் இருக்கமாட்டார். சுற்றி நிற்பவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். அதில் தவறானதைத் தடுப்பதுதான் உங்கள் முதல் வேலை. தடுத்துவிட்டாலே பாதி முதலுதவி முடிந்த மாதிரி.

1. 108: "யாராவது போன் பண்ணுங்க" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். ஒருவரைக் கைகாட்டி, "அண்ணே, நீங்க 108-க்குப் போடுங்க" என்று சொல்லுங்கள். தெருப் பெயரோடு ரேஷன் கடை, கோயில், பள்ளி என்று பக்கத்து அடையாளத்தையும் சொல்லச் சொல்லுங்கள். மணி என்ன என்று உடனே பார்த்துக்கொள்ளுங்கள்.

2. தீக்காயம்: குக்கர் ஆவியோ கொதிக்கும் சாம்பாரோ, பட்ட இடத்தைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். டூத்பேஸ்ட், இங்க், இட்லி மாவு, மஞ்சள், ஐஸ் எதுவும் வேண்டாம். வீங்குவதற்கு முன்பே மோதிரம், வளையலைக் கழற்றிவிடுங்கள். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காதீர்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள். சுத்தமான பருத்தித் துணியால் லேசாக மூடுங்கள். முகம், கை, மூட்டு, பிறப்புறுப்பு என்றால் காயம் சிறிதானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

3. பாம்புக்கடி: கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது மூன்றுமே கெடுதல். மெட்டி, கொலுசு, மோதிரத்தைக் கழற்றி, கடிபட்ட காலையோ கையையோ அசையாமல் வைத்து, நடக்கவிடாமல் தூக்கிச் செல்லுங்கள். பாம்பைத் தேடிப்பிடித்து அடிக்க நேரம் போக்க வேண்டாம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். கட்டுவிரியனிடம் கூடுதல் கவனம் வேண்டும். பெரும்பாலும் இரவில், தரையில் பாய் போட்டுத் தூங்குபவரைக் கடிக்கும். வலி அதிகம் இருக்காது, பல் தடமும் தெரியாமல் போகலாம். விடியும்போது வயிற்றுவலி என்பார்கள், இமை சொருகும், பேச்சு குழறும். வாயுக்கோளாறு என்று விட்டுவிட்டால் மூச்சு நின்றுவிடும். ஆஸ்பத்திரியில், சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். உறையாவிட்டால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் கடிதான் என்று எடுத்துக்கொள்வார்கள். சோப்பு போட்டுக் கழுவிய குழாய் தவறான முடிவைக் காட்டிவிடும். வார்டில் இதை மறக்காதீர்கள்.

4. நாய்க்கடி: மிளகாய்த்தூள், சுண்ணாம்பு வைக்க விடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். ரேபிஸ் கிருமியைக் குறைக்கும் எளிய வழி இது. காயத்தை இறுக்கிக் கட்ட வேண்டாம். தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசி இப்போது கிடையாது. அரசு மருத்துவமனைகளில் கையில், தோலுக்குள் போடுகிறார்கள். முதல் ஊசி போடும் நாளை 0 என்று கொண்டால் 0, 3, 7, 28 ஆகிய நாட்கள். ரத்தம் வரக் கடித்திருந்தால் கடிவாயிலேயே இம்யூனோகுளோபுலினும் போட வேண்டும். காயம் ஆறிவிட்டது என்று கடைசி ஊசியை விடுபவர்கள் உண்டு. அந்தத் தேதியை வீட்டுக் காலண்டரில் நீங்களே வட்டம் போட்டு வையுங்கள்.

5. வலிப்பு: கையில் சாவி கொடுப்பதாலோ இரும்பைப் பிடிக்கவைப்பதாலோ வலிப்பு நிற்காது. வாயில் ஸ்பூனோ துணியோ திணிக்கக் கூடாது. தலைக்குக் கீழே மடித்த துண்டு வையுங்கள். வெட்டி இழுப்பது நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால் 108.

6. தொண்டை அடைப்பு: இருமவும் பேசவும் முடிந்தால் இருமவே விடுங்கள். முடியாவிட்டால் குனியவைத்து முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே 5 தட்டு, அடுத்து தொப்புளுக்கு மேல் உள்நோக்கி மேலாக 5 அழுத்து, மாறி மாறி. ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு வயிற்றை அழுத்தக் கூடாது, நெஞ்சைத்தான் அழுத்த வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல்விட்டுத் தோண்டாதீர்கள்.

7. மூச்சு இல்லையென்றால்: தண்ணீர் தெளித்துக் காத்திருக்க வேண்டாம். பெரியவர்களுக்கு நெஞ்சின் நடுவே 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. கட்டிலில் செய்தால் மெத்தைதான் அமுங்கும், தரையில் கிடத்திச் செய்யுங்கள்.

8. பூச்சிமருந்து, மண்ணெண்ணெய்: உப்புக் கரைசலோ சோப்புத் தண்ணீரோ கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். மருந்து பட்ட துணியைக் கழற்றி உடம்பைக் கழுவுங்கள். கையுறை இல்லையென்றால் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொள்ளுங்கள். மருந்து டப்பாவை லேபிளோடு எடுத்துப் போங்கள்.

9. நெஞ்சுவலி, பக்கவாதம்: வேர்த்துக்கொட்டி நெஞ்சு அழுத்தினால் 'கேஸ்' என்று சோடா கொடுக்க விடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களில் 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தில் அவசர மாத்திரைகள் வைத்திருக்கிறார்கள். வாய் கோணி, கை தொங்கி, பேச்சு குழறினால் வாயில் எதையும் கொடுக்காதீர்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். ஆகவே ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கே நேராகப் போங்கள்.

10. ஒரு துண்டுச் சீட்டு: நேர்ந்த மணி, வயது, சாப்பிடும் மாத்திரைகள், ஒவ்வாமை, நீங்கள் வருவதற்கு முன் யார் என்ன கொடுத்தார்கள் என்ற ஐந்தையும் எழுதி நோயாளியோடு அனுப்புங்கள். கேஷுவாலிட்டியில் முதலில் கேட்பது இவற்றைத்தான். பதறி நிற்கும் உறவினருக்கு ஒன்றும் நினைவு வராது.

படித்த பாடம் பரீட்சைக்கு மட்டும் இல்லை. இந்த விடுமுறையிலேயே வீட்டில் இருப்பவர்களை உட்காரவைத்து, செய்யக் கூடாதவற்றை முதலில் சொல்லிக்கொடுங்கள். நீங்கள் ஹாஸ்டலில் இருக்கும் நாளிலும் அது உங்கள் ஊருக்கு உதவும்.