முதல் நேரத்துப் பொறுமை

2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை சுனாமி நம் காலாப்பட்டுக் கரையையும் தாக்கியது. பரங்கிப்பேட்டையில் ஜமாஅத்தார் மதம் பாராமல் மீனவக் குடும்பங்களுக்கு உணவும் தங்க இடமும் கொடுத்தார்கள். பதற்றமான நேரத்திலும் செய்ய வேண்டியதைச் செய்தார்கள்.

கப்ரருகே அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணிடம் பொறுமை கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். யாரென்று அறியாத அப்பெண் கடிந்து பேசிவிட்டார். பிறகு அறிந்து, தேடி வந்தபோது, துன்பம் தாக்கும் முதல் நேரத்தில் காட்டுவதே பொறுமை என்று நபியவர்கள் விளக்கினார்கள். இது புகாரியில் உள்ள செய்தி.

அந்த முதல் நேரத்தில் யோசிக்க அவகாசம் இருக்காது. சாதாரண நாட்களில் பழகியதே அப்போது கைகொடுக்கும். ஆகவே வீட்டில் இவற்றைப் பழகுவோம்:

1. கோபம் வரும்போது நின்றிருந்தால் உட்காருவோம்; அடங்காவிட்டால் படுத்துக்கொள்வோம். இது நபிவழி. சிறு சச்சரவிலேயே இதைத் தொடங்கலாம்.

2. கெட்ட செய்தி வந்தால் முதலில் 'இன்னா லில்லாஹி' சொல்வோம். மூச்சை மெதுவாக விட்டால் படபடப்பு தணியும்.

3. விபத்தோ தீயோ நேர்ந்தால் 108-ஐ அழைப்பது யார், முதியவர்களையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்வது யார் என்று முன்பே பேசி வைப்போம்.

4. வாட்ஸ்அப்பில் வரும் பரபரப்புச் செய்தியை விசாரிக்காமல் யாருக்கும் அனுப்ப மாட்டோம்.

பொறுமை என்றால் அழக்கூடாது என்பதல்ல. மகன் இப்ராஹீம் இறந்தபோது நபியவர்களும் கண்ணீர் விட்டார்கள்; நாவைக் காத்துக்கொண்டார்கள்.

அல்லாஹ் நம் உள்ளங்களுக்கு உறுதியைத் தருவானாக! ஆமீன்.