பழைய வீட்டுக்கு ஃபோம் அடிக்கலாமா? முதல்ல ஈரத்தோட வழியைப் பாருங்க

ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸில் ஒரு கணக்கு வருமே, ரெண்டு மூணு லேயரை ஒட்டி வைத்து வெப்பம் எவ்வளவு கடத்தும் என்று கேட்பார்களே, ஞாபகம் இருக்கா? அந்தக் கணக்கை நான் ஒரு நிஜ வீட்டுக்குப் போட்டேன். விடை சரியாகத்தான் வந்தது. ஆனால் அந்த வீட்டுக் கூரையில் ஒரு கட்டை இத்துப்போனதற்கு நானும் ஒரு காரணம். கணக்கில் எதை விட்டேன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

நாகப்பட்டினத்தில் எங்கள் அப்பாயி இருக்கும் வீடு பழைய மச்சு வீடு. கூரை மெட்ராஸ் டெரஸ் வகை. இதைப் பார்க்காதவர்களுக்குச் சின்ன விளக்கம்: சுவருக்குச் சுவர் தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அதன் மேல் மெல்லிய செங்கல்லைச் சுண்ணாம்புக் கலவையில் நெட்டுக்குத்தாக, சாய்வாக அடுக்குவார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தட்டிய ஒரு அடுக்கு. எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு. கம்பியும் கிடையாது, சிமெண்ட் கான்கிரீட்டும் கிடையாது.

வீடு அழகுதான். ஆனால் மே மாசம் மாடியறையில் உட்கார முடியாது. சித்தப்பா ஏசி போட்டார். அது நாள் முழுக்க ஓடியும் அறை குளிரவில்லை. அப்போது ஒரு கான்ட்ராக்டர் வந்து, "சார், கூரைக்கு அடியில ஸ்ப்ரே ஃபோம் அடிச்சிடுங்க" என்றார். சித்தப்பா எனக்கு போன் போட்டு, "டேய், நீதானே இன்ஜினியரிங் படிக்கிற, இது சரியா வருமா?" என்று கேட்டார். ஃபர்ஸ்ட் இயர் முடித்த கெத்தில் நான் பேப்பரை எடுத்தேன்.

நான் போட்ட கணக்கு

நீங்களும் போட்டுப் பாருங்க. மத்தியான வெயிலில் தட்டோட்டின் மேல்பரப்பு 55 டிகிரி செல்சியஸ், அறைக்குள் 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 25 டிகிரி. கூரையின் தடிமன் 20 செ.மீ., வெப்பக் கடத்துத்திறன் 0.75 என்று எடுத்தால், வெப்பத் தடை 0.20 ÷ 0.75 = 0.27. கூரைக்கு அடியில் ஒட்டி நிற்கும் காற்றுப் படலத்துக்கு இன்னொரு 0.17. மொத்தம் 0.44. ஒரு சதுர மீட்டருக்கு 25 ÷ 0.44, அதாவது சுமார் 57 வாட் உள்ளே இறங்கும்.

இப்போது 5 செ.மீ. க்ளோஸ்ட் செல் ஃபோம். அதன் கடத்துத்திறன் சுமார் 0.025. ஃபோமின் தடை மட்டுமே 2.0. மொத்தம் 2.44. உள்ளே வருவது 10 வாட் சொச்சம். 12 அடிக்கு 15 அடி அறை என்றால் 950 வாட் வெப்பம் 170 வாட்டாகக் குறையும். ஒரு டன் ஏசி மொத்தமே 3,500 வாட் வெப்பத்தைத்தான் வெளியேற்றும். அதில் கிட்டத்தட்ட கால் பங்கு மிச்சம்!

தடிமனான கூரை சூடாகவே சில மணி நேரம் எடுக்கும். அதனால் இந்தக் கணக்கு தோராயம்தான். ஆனாலும் திசை சரி. "பண்ணிடலாம் சித்தப்பா, சூப்பர் மேட்டர்" என்றேன். அடித்தார்கள். அறை நிஜமாகவே ஜில்லென்று ஆனது. ஊரில் எனக்கு ஒரே பெருமை.

ஃபோம் என்றால் என்ன?

பாலியூரித்தேன். 1937-ல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் குழு கண்டுபிடித்த பாலிமர் வகை. ஸ்ப்ரே ஃபோமுக்கு ரெண்டு டிரம் வரும். ஒன்றில் ஐசோசயனேட், இன்னொன்றில் பாலியால், கூடவே கேட்டலிஸ்ட்டும் ஊதவைக்கும் பொருளும். ரெண்டும் துப்பாக்கி முனையில் கலந்து, சுவரில் பட்டவுடன் சில நொடிகளில் பொங்கி இறுகிவிடும். தோசை மாவு ஒரு ராத்திரியில் செய்வதை இது கண்ணெதிரே செய்யும்.

இதில் ரெண்டு வகை உண்டு.

ஓப்பன் செல்: ஸ்பாஞ்ச் மாதிரி மெத்தென்று இருக்கும். ஒரு கன மீட்டர் சுமார் 8 கிலோ. தண்ணீரும் ஐசோசயனேட்டும் சேர்ந்து உண்டாக்கும் கார்பன் டை ஆக்சைடுதான் இதை ஊதவைக்கிறது. காற்றோட்டத்தைத் தடுக்கும், ஆனால் நீராவியை விட்டுவிடும்.

க்ளோஸ்ட் செல்: கெட்டியாக இருக்கும். ஒரு கன மீட்டர் சுமார் 32 கிலோ. குமிழிகள் மூடியிருக்கும். அதே தடிமனில் ஓப்பன் செல்லைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் வெப்பத்தைத் தடுக்கும். 5 செ.மீ. இருந்தால் நீராவியும் பெரும்பாலும் போகாது. இதற்கு முன்பு எச்.சி.எஃப்.சி-141பி என்ற வாயுவை அதிகம் பயன்படுத்தினார்கள். ஓசோன் படலத்தைக் கெடுக்கும் என்பதால் 2020 ஜனவரி 1 முதல் இந்தியா அதன் இறக்குமதிக்கு உரிமம் தருவதை நிறுத்திவிட்டது.

எங்கள் வீட்டுக்கு அடித்தது க்ளோஸ்ட் செல். "தண்ணியே போகாது சார்" என்று கான்ட்ராக்டர் அதைத்தான் பெருமையாகச் சொன்னார். பிரச்சினையும் அங்கேதான் ஆரம்பித்தது.

ரெண்டு மழைக்காலம் கழித்து

டெல்டாக்காரர்களுக்குத் தெரியும், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை எப்படி வெளுக்கும் என்று. கைப்பிடிச்சுவர் ஓரத்தில் தட்டோட்டில் ஒரு விரிசல். பழைய வீட்டில் இது சகஜம். முன்பெல்லாம் இப்படி இறங்கும் தண்ணீர் மறுநாளே கூரையின் அடியில் பழுப்புக் கறையாகத் தெரியும். அப்பாயி அதைப் பார்த்துவிட்டு கொத்தனாரைக் கூப்பிடும். அவர் சுண்ணாம்பு வைத்து அடைத்துவிட்டுப் போவார். நனைந்த கட்டையும் செங்கல்லும் அடிப்பக்கம் வழியாகக் காய்ந்துவிடும். இத்தனை வருஷம் அந்தக் கூரை நின்றது இப்படித்தான்.

இப்போது அடியில் ஃபோம். கறை தெரியவில்லை. கொத்தனாரை யாரும் கூப்பிடவில்லை. மழை விட்டு வெயில் அடித்தால், சூடான கூரைக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகிக் குளிர்ந்த பக்கம் நோக்கி இறங்கும். ஏசி இருப்பதால் குளிர்ந்த பக்கம் கீழேதான். இறங்கி வந்த ஆவி ஃபோமில் முட்டி நின்றுவிட்டது. அங்கேதான் தேக்குக் கட்டை இருக்கிறது.

மரத்தில் ஈரம் அதன் உலர்ந்த எடையில் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பயமில்லை. 28, 30 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றால் பூஞ்சை தின்ன ஆரம்பித்துவிடும். தேக்கு மற்ற மரத்தைவிடத் தாங்கும். ஆனால் சுவருக்குள் புதைந்திருக்கும் முனை எப்போதும் கொஞ்சம் பலவீனம்.

போன லீவில் போனபோது அப்பாயிதான் முதலில் சொன்னது. "என்னமோ மாடியில பழஞ்சாக்கு வாடை வருதுடா." ஓரத்தில் ஃபோமை வெட்டிப் பார்த்தோம். கட்டை முனைக்குள் ஸ்க்ரூடிரைவர் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. பக்கத்திலேயே கறையான் மண் கோடு. அந்த மாடியறைக்குக் கீழே இருக்கும் அறையில்தான் அப்பாயி தூங்கும். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. முட்டுக் கொடுத்து, ஃபோமைச் சுரண்டி எடுத்து, கட்டையை மாற்றினோம். அந்தச் செலவில் சித்தப்பா பல வருஷம் கரண்ட் பில் கட்டியிருக்கலாம். அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

அப்போ ஃபோம் மோசமா?

இல்லை. அமெரிக்காவின் தெற்கு லூயிசியானாவைப் பாருங்க. அங்கேயும் கடலோரம், அங்கேயும் புழுக்கம், அங்கேயும் பழைய வீடுகள். நியூ ஆர்லியன்ஸில் பல வீடுகள் குட்டைத் தூண்கள் மேல் நிற்கும் மர வீடுகள். மேலே ஏசியில் குளிர்ந்த மரத்தளம், கீழே ஈரக் காற்று. 2005 கத்ரீனா புயலுக்குப் பிறகு இப்படிப்பட்ட 12 வீடுகளில் தரைக்கு அடியில் வெவ்வேறு இன்சுலேஷன் போட்டு, மரத்தின் ஈரத்தை அளந்து பார்த்தார்கள். க்ளோஸ்ட் செல் ஃபோம் அடித்த இடத்தில் மரம் உலர்ந்தே இருந்தது. நீராவியை விட்டுவிடும் ஓப்பன் செல் அங்கே அவ்வளவு நம்பகமாக இல்லை.

பொருள் அதேதான். அங்கே ஈரம் கீழிருந்து ஆவியாக வருகிறது, ஃபோம் அதன் வழியில் நிற்கிறது. எங்கள் வீட்டில் ஈரம் மேலிருந்து தண்ணீராக வந்தது, ஃபோம் அது வெளியே போகும் வழியில் நின்றது. நான் வெப்பத்துக்கு மட்டும் கணக்குப் போட்டேன். ஈரம் எங்கிருந்து வரும், எந்தப் பக்கம் காயும் என்று கேட்கவே இல்லை.

இன்னொரு சின்னக் கணக்கு. வெளியே 32 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால், அந்தக் காற்றின் பனிநிலை சுமார் 27 டிகிரி. உங்கள் ஏசி 24-ல் ஓடுகிறது. அப்படியானால் வெளிக்காற்று இடுக்கு வழியாக வந்து எந்தக் குளிர்ந்த பரப்பைத் தொட்டாலும் அங்கே வியர்க்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணி பாட்டில் மாதிரி. கடலோர வீட்டில் இன்சுலேஷன் பேசுகிற யாரும் இந்த எண்ணை மறக்கக் கூடாது.

உங்க வீட்டுல யாராவது கேட்டா

1. ஒரு மழைக்காலம் முழுக்கக் கூரையைக் கவனியுங்க. ஒழுகல், ஓதம், உப்புப் பூத்த சுவர் எதுவாக இருந்தாலும் முதலில் அதைச் சரிசெய்யணும். ஈரத்தை மூடி வைத்தால் காயாது.

2. கட்டை முனைகளைத் தட்டிப் பாருங்க, குத்திப் பாருங்க. ஈரம் அளக்கும் மீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது.

3. மலிவான வழியில் தொடங்குங்க. மொட்டை மாடிக்கு வெள்ளை அடித்தாலே வெயிலில் கணிசமான பங்கு திரும்பிப் போய்விடும். நாங்கள் இப்போது செய்திருப்பது அதுதான்.

4. ஃபோம் வேண்டும் என்றால், மெட்ராஸ் டெரஸுக்கு மேல்பக்கம் யோசிக்கலாம். கூரை நன்றாகக் காய்ந்த பிறகு, தண்ணீர் ஓடச் சரிவு வைத்து, ஃபோமின் மேல் வெயில் தாங்கும் பூச்சு கட்டாயம். புற ஊதாக் கதிர் பட்டால் ஃபோம் பழுத்து உதிர்ந்துவிடும். அடிப்பக்கத்தைத் திறந்தே விடுங்க. கட்டை மூச்சு விடட்டும், கறையானும் கண்ணில் படட்டும்.

5. அடிக்கும்போது வீட்டில் யாரும் இருக்க வேண்டாம். ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கக் கூடியது. அடிப்பவருக்கு வெறும் துணி மாஸ்க் போதாது. இறுகிய ஃபோமும் தீப்பிடிக்கும். அறைக்குள் இருந்தால் ஜிப்சம் போர்டு மாதிரி ஏதாவது ஒன்றால் மூடணும்.

அப்பாயிக்கு ஆர் வேல்யூ தெரியாது. ஆனால் கூரையில் கறை வந்தால் அன்றைக்கே ஆள் கூப்பிடத் தெரியும். இப்போது மாடியறை முன்னளவு ஜில்லென்று இல்லை, ஆனால் கட்டைகள் கண்ணுக்குத் தெரிகின்றன. ஒவ்வொரு மழைக்கும் அப்பாயிக்கு போன் போட்டு "கூரையைப் பாத்தீங்களா?" என்று கேட்கிறேன். "பாத்துட்டேன், நீ படி" என்று வைத்துவிடுகிறது.