கட்டிலுக்குப் பக்கத்தில் நில்லு, தங்கச்சி!

எம்.பி.பி.எஸ். இரண்டாம் வருடம் வந்ததும் வார்டு போஸ்டிங் தொடங்கிவிடும். ஏப்ரன் பாக்கெட்டில் புது ஸ்டெத், பென் டார்ச், இன்ச் டேப் எல்லாம் தயாராக இருக்கும். ஆனால் பேட்ச்சில் இருபது பேர், நோயாளி ஒருவர். முன்னால் நிற்கிற நான்கு பேர் தொட்டுப் பார்ப்பார்கள். மற்றவர்கள் அந்த நான்கு பேரின் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கிளாஸ் முடிந்ததும் எல்லோரும் கேன்டீனுக்குக் கிளம்புவார்கள். நீ கிளம்பாதே. வார்டு உனக்குக் கிடைப்பது அதற்குப் பிறகுதான்.

எனக்குத் தெரிந்து, பின்னாளில் நல்ல டாக்டராக வந்த ஜூனியர்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒரு நோயாளியைத் தேர்ந்தெடுத்தால் அவர் டிஸ்சார்ஜ் ஆகிற வரை விடமாட்டார்கள். சேர்ந்த அன்று அவர் சொன்ன கதை, இரண்டு நாள் கழித்து வந்த ரிப்போர்ட், மாற்றிய மருந்து, காய்ச்சல் இறங்கிய விதம், வீட்டுக்குப் போகும்போது நடந்த நடை என்று எல்லாவற்றையும் ஒரே ஆளிடம் பார்த்திருப்பார்கள். பத்துப் பேரை ஐந்தைந்து நிமிடம் பார்த்தவர்களுக்கு அது கிடைக்காது. நீயும் ஒரு போஸ்டிங்குக்கு நாலைந்து பேரையாவது இப்படிப் பின்தொடர்ந்து பார்.

டியூட்டி பி.ஜி.யிடமும் வார்டு சிஸ்டரிடமும் சொல்லிவிட்டு உள்ளே போ. நோயாளியிடம், "நான் இங்க படிக்கிற ஸ்டூடன்ட்ம்மா. உங்ககிட்ட கொஞ்சம் பேசலாமா? முடியலைன்னா சொல்லுங்க, அப்புறம் வர்றேன்" என்று கேள். வேண்டாம் என்றால் சிரித்த முகத்தோடு நகர்ந்துவிடு. இலவசமாக வைத்தியம் பார்க்க வந்த ஒரே காரணத்துக்காக நம் படிப்புக்கு உடம்பைக் காட்ட வேண்டிய கடன் அவர்களுக்கு இல்லை. அம்மா, ஐயா, பாட்டி, அண்ணே என்று வயதுக்குத் தகுந்தபடி கூப்பிடு. 'பதினாலாம் பெட்' என்று யாரையும் கூப்பிடாதே. கேஸ் ஷீட்டைக் கடைசியாகப் புரட்டு. முதலிலேயே அதைப் படித்துவிட்டால், அங்கே எழுதியிருக்கிற நோய்தான் உன் கண்ணுக்குத் தெரியும்.

கேள்விகளை அவர்கள் பேச்சில் கேள்

"என்ன பண்ணுது?" என்பதைவிட எனக்குப் பிடித்த கேள்வி, "கடைசியா எப்போ முழுசா நல்லா இருந்தீங்க?" அங்கிருந்து தொடங்கினால் எந்தத் தொந்தரவு முதலில் வந்தது, எது பின்னால் சேர்ந்தது என்று வரிசை தானாக அமையும். பேசத் தொடங்கியதும் குறுக்கே போகாதே. அவர் நிறுத்துகிற வரை கேட்டுவிட்டு அப்புறம் உன் கேள்விகளுக்கு வா.

"மயக்கமா வருது" என்றால் முக்கால்வாசிப் பேர் தலைசுற்றலையோ உடல் சோர்வையோ சொல்கிறார்கள். "நினைவு தப்பிச்சா? கீழே விழுந்தீங்களா? பார்த்தவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்காமல் எழுதிவிடாதே. "வாய்வு பிடிச்சிருக்கு" என்கிற நடுவயது ஆள் வியர்த்துக் கொட்டி உட்கார்ந்திருந்தால், அதிலும் சர்க்கரை இருக்கிறவர் என்றால், கதையை அப்புறம் கேட்கலாம். உடனே பி.ஜி.யைக் கூப்பிடு. வந்த 10 நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுத்தாக வேண்டிய ஆள் அவர்.

தொழிலை ஒற்றை வார்த்தையில் 'கூலி' என்று எழுதிவிட்டு நகராதே. எந்தக் கூலி? கல் குவாரியில் உடைக்கிறவருக்கு சிலிக்கோசிஸ் வரலாம். பஞ்சு மில்லில் வேலை பார்க்கிறவருக்கு வார விடுமுறை முடிந்து திரும்பிப் போகிற நாளில் மட்டும் நெஞ்சு இறுக்கும். அந்த ஒரு வரியிலேயே பிஸினோசிஸ் இருக்கிறது. தண்ணீர் நிற்கும் வயலில் இறங்கியவருக்குக் காய்ச்சலோடு கண் மஞ்சளாக இருந்தால் எலிக்காய்ச்சலை நினை.

மாத்திரைப் பெயர் தெரியாது என்பார்கள். "அந்தப் பையைக் காட்டுங்க" என்று கேள். தலையணைக்கு அடியிலிருந்து ஒரு கேரி பேக் வரும். மெடிக்கல் ஷாப்பில் வாங்கியது, 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்த சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள், பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த வலி மாத்திரை என எல்லாம் அதில் இருக்கும். நாட்டு மருந்து சாப்பிட்டார்களா என்றும் கேள், ஆனால் குற்றம் கண்டுபிடிக்கிற குரலில் கேட்காதே. உன் முகம் சுளித்தால் அடுத்த தகவலை மறைத்துவிடுவார்கள்.

கண்ணும் கையும்

ஒரு மழைக்கால போஸ்டிங்கில் ஒரு அம்மா ஒரு வாரக் காய்ச்சலோடு படுத்திருந்தார். டெங்கு இல்லை, மலேரியா இல்லை, டைஃபாய்டுக்கும் ஆதாரமில்லை. எங்கள் பேட்ச்சில் ஒரு பெண் சாயங்காலம் போய், ஸ்கிரீன் போட்டு, சிஸ்டரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, தலை முதல் கால் வரை பொறுமையாகப் பார்த்தாள். மார்பின் அடி மடிப்பில், ஓரம் சிவந்து நடுவில் கறுத்து, சிகரெட்டால் சுட்டது போல ஒரு பொருக்கு. அதுதான் எஸ்கார். வலிக்காது, அரிக்காது. அதனால் அப்படி ஒன்று இருப்பதே அந்த அம்மாவுக்குத் தெரியாது. ஸ்க்ரப் டைஃபஸ் என்று முடிவாகி, டாக்ஸிசைக்ளின் தொடங்கியதும் இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கியது. தமிழ்நாட்டில் காரணம் பிடிபடாத காய்ச்சல் என்றால் இந்த நோய் உன் மனதில் முன்வரிசையில் இருக்க வேண்டும். புதரிலும் புல்லிலும் இருக்கிற ஒரு வகை உண்ணியின் நுண்ணிய குஞ்சு கடித்துப் பரவுகிறது. அக்குள், தொடையிடுக்கு, மார்பின் அடி, பாவாடை நாடா கட்டுகிற இடம், காதின் பின்புறம் என்று துணி மறைக்கிற இடங்களில்தான் தேட வேண்டும். மருந்து விலை குறைவு. தாமதமானால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகப் பாதிக்கும், உயிரே போகலாம். துணியை விலக்கிப் பார்க்கத் தயங்குவதால் தவறிப்போகிற நோய் இது.

அதே நேரம், துணியை விலக்குவதற்கும் முறை இருக்கிறது. ஸ்கிரீன் இல்லாமல் வேண்டாம். பார்க்கிற இடத்தை மட்டும் விலக்கு, பார்த்ததும் மூடு. நோயாளி பெண்ணாக இருந்தால், பார்க்கிற நீயும் பெண்ணாக இருந்தாலும், பக்கத்தில் இன்னொரு பெண் இருப்பது நல்லது. 1816-ல் பாரிஸில் லென்னெக் என்ற டாக்டர் ஒரு இளம்பெண்ணின் மார்பில் காதை வைத்துக் கேட்பது முறையில்லை என்று காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். ஸ்டெத்தஸ்கோப்பின் ஆரம்பம் அதுதான். அந்தக் கூச்சத்துக்குக் கொடுத்த மரியாதையை நாமும் கொடுக்க வேண்டும்.

பாம்புக்கடியிலும் இதே பாடம் உண்டு. கட்டுவிரியன் ராத்திரியில், தரையில் படுத்துத் தூங்குகிறவரைக் கடிக்கும். பல் தடம் பல நேரம் தெரியவே தெரியாது. விடிகாலையில் வயிற்று வலி, வாந்தி என்று வருவார்; இமை தூக்க முடியாமல் சரியும். அப்போது "எங்க படுத்திருந்தீங்க?" என்ற கேள்வி உயிரைக் காப்பாற்றும். கண்ணாடிவிரியன் என்றால் ரத்தம் உறையாது. அதற்கு 20 நிமிட டெஸ்ட் இருக்கிறது: சுத்தமான, உலர்ந்த, புதிய கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, அசைக்காமல் வைத்து, 20 நிமிடம் கழித்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் குழாய் கூடாது. காஷுவாலிட்டி போஸ்டிங்கில் இந்த டெஸ்டை உன் கையால் செய்து பழகு.

மற்றபடி அடிப்படைகள். நோயாளியின் வலப்பக்கம் நில். உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு தொடு. வயிற்றை அழுத்தும்போது உன் கண் வயிற்றில் இருக்கக் கூடாது, அவர் முகத்தில் இருக்க வேண்டும். மூச்சை எண்ணப் போவதாகச் சொல்லாதே, சொன்னால் மூச்சின் வேகம் மாறும். நாடி பிடித்த கையை எடுக்காமலே முழு ஒரு நிமிடம் எண்ணு. மண்ணீரலை வலது அடிவயிற்றிலிருந்து தேடத் தொடங்கு. விலா எலும்புக்குக் கீழேயே தொடங்கினால், பெரிதாக வீங்கிய மண்ணீரலின் மேலேயே கை வைத்துக்கொண்டு 'இல்லை' என்பாய். மைட்ரல் ஸ்டெனோசிஸ் முணுமுணுப்பு கேட்கவில்லையா? இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வை, ஸ்டெத்தின் பெல் பக்கத்தை லேசாக வை, மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல். அப்போதும் கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை என்றே சொல்.

இதை அழுத்திச் சொல்கிறேன். பக்கத்தில் இருக்கிற ஃப்ரெண்ட் கேட்டது என்கிறாளே என்று நீயும் தலையாட்டாதே. இல்லாததை எழுதுகிற பழக்கம் ஸ்டூடன்ட்டாக இருக்கும்போதுதான் ஒட்டிக்கொள்கிறது, டாக்டரான பிறகு அது ஒருவரின் உயிரோடு விளையாடும். சார் திட்டுவார். திட்டட்டும். "எனக்குக் கேட்கலை சார், எப்படிக் கேட்கணும்னு காட்டுங்க" என்று சொல்கிற ஸ்டூடன்ட்டின் கையைப் பிடித்து ஸ்டெத்தைச் சரியான இடத்தில் வைக்காத ஆசிரியர்கள் குறைவு. சென்னையில் பழைய மாணவர்கள் டாக்டர் கே.வி.திருவேங்கடத்தின் வார்டு வகுப்புகளை இன்றும் பெருமையோடு நினைவுகூர்கிறார்கள். அப்படி ஒரு ஆசிரியர் உன் காலேஜிலும் ஏதாவது ஒரு யூனிட்டில் இருப்பார். உன் பேட்ச்சுக்கு அவர் கிளாஸ் இல்லாவிட்டாலும், அனுமதி கேட்டுக் கடைசி வரிசையில் போய் நில்.

கைவேலை

ஊசி, கானுலா, ரைல்ஸ் டியூப், கத்தீட்டர் எல்லாம் வார்டு சிஸ்டர்களிடமிருந்துதான் நன்றாக வரும். அவர்களிடம் மரியாதையாகக் கேள், அவர்கள் வேலையில் கூட நின்று உதவு. கானுலா நிறம் மனதில் இருக்கட்டும்: பச்சை 18, ரோஸ் 20, நீலம் 22, மஞ்சள் 24. ரத்தம் கொட்டுகிற நோயாளிக்கு நீலத்தைத் தேடாதே, பச்சையோ அதைவிடப் பெரியதோ வேண்டும். ஃபோலி கத்தீட்டரில் சிறுநீர் வந்த பிறகே பலூனை ஊது. ரத்த சாம்பிள் குழாயில் பெயரைக் கட்டில் பக்கத்திலேயே, அவரிடம் பெயரைக் கேட்டுவிட்டு எழுது. குரூப்பிங் சாம்பிள் மாறினால் தப்பான ரத்தம் ஏறும்.

பிரசவ வார்டில் ஒரு தாயோடு வலி தொடங்கியதிலிருந்து குழந்தை பிறக்கும் வரை கூடவே இரு. வயிற்றில் கை வைத்து 10 நிமிடத்தில் எத்தனை வலி வருகிறது என்று எண்ணு. குழந்தை பிறந்து ஒரு நிமிடத்துக்குள் தாய்க்கு ஆக்சிடோசின் 10 யூனிட் ஊசி ஏன் போடுகிறார்கள் என்பதை, ரத்தப்போக்கு நிற்பதைப் பார்த்தே புரிந்துகொள்வாய். மற்ற நேரமெல்லாம் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொள், அதட்டுகிறவர்களோடு சேராதே.

உன்னையும் பார்த்துக்கொள்

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 0, 1, 6 மாதங்களில் மூன்று டோஸ். போஸ்டிங்குக்கு முன்னாலேயே தொடங்கிவிடு. ஊசியின் மூடியைத் திரும்பப் போடாதே. வெள்ளை நிற ஷார்ப்ஸ் டப்பா உன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மீறிக் குத்திவிட்டால் பிழியாதே, வாயில் வைக்காதே. சோப்பு போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவு. பயந்து மறைக்காமல் உடனே டியூட்டி டாக்டரிடம் சொல். ஹெச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, 28 நாள் சாப்பிட வேண்டும்.

முன்பக்கம் மூடிய ஷூ போடு, முடியைக் கட்டு, பையில் ஒரு பேட் வைத்திரு. ஹவுஸ் சர்ஜனாக நைட் டியூட்டி முடித்தால் உடனே வண்டி ஓட்டாதே, கொஞ்சம் தூங்கிவிட்டுப் போ. நீ பின்தொடர்ந்த நோயாளி இறந்துபோகவும் கூடும். அன்றைக்கு அழுகை வந்தால் அழு, யூனிட்டில் ஒரு அக்காவிடமோ அண்ணனிடமோ பேசு. அந்தப் பாரம் பல நாள் இறங்காமல், தூக்கமும் சாப்பாடும் போனால், 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

பார்த்த நோயைப் பற்றி அன்றைக்கு ராத்திரியே படி. நோட்டில் வயது, தொழில், கண்டுபிடித்தது, சந்தேகம் எல்லாம் எழுது. பெயரும் ஐ.பி. நம்பரும் வேண்டாம். எக்ஸ்ரேயானாலும் புண்ணானாலும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடாதே.

நாலைந்து பேரைப் பின்தொடர்ந்து பழகிய பிறகு, உன் யூனிட்டின் அட்மிஷன் டே எது என்று கேட்டு வை. அன்றைக்கு ராத்திரி பத்து மணி வரை இருந்து பார்க்கலாமா என்று பி.ஜி.யிடம் கேள். நோயின் பெயர் இன்னும் ஒட்டப்படாத, மாத்திரை எதுவும் ஏறாத நோயாளியை அன்றைக்குத்தான் பார்க்க முடியும். ஹாஸ்டல் மெஸ் ஏழரை மணிக்கே திறந்துவிடும் என்றால் முதலில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வார்டுக்குப் போ. வார்டனிடம் லேட்டாக வருவேன் என்று எழுதிக் கொடுத்துவிடு.