சான்றிதழ் சர்வரின் வேகம்: பழுது காணும் முறை

பஞ்சாயத்துப் பணத்தைக் காசோலையால் மட்டுமே வழங்கிய காலம் கடந்துவிட்டது. 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ந் தேதி தொடங்கப்பெற்ற இ-கிராம் ஸ்வராஜ் முறையில், குழாய் பதித்தவருக்கும் சாலை போட்டவருக்கும் உரிய தொகை டிஜிட்டல் கையொப்பத்தின் பேரில் செல்கிறது. கையொப்பம் ஏற்கப்படாவிடில் உழைத்தவர் கைக்குப் பணம் வாராது. ஆகவே, அதற்குச் சான்று வழங்கும் சர்வர் தளரும்போது பழுதை எவ்வாறு காண்பது என்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் ஓரளவு அறிந்திருத்தல் நலம்.

சர்வரின் வேலைகள்

2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி, மத்திய அரசின் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் உரிமம் பெற்ற நிறுவனங்களே இச்சான்றிதழ்களை வழங்கலாம். விண்ணப்பத்தைப் பெறுதல், விதிகளுக்கு ஒத்ததா எனச் சோதித்தல், இரகசியச் சாவியால் கையொப்பமிடுதல், பதிவேட்டில் குறித்தல் ஆகிய நான்கும் சர்வரின் வேலைகள். ரத்துச் செய்த சான்றிதழ்களின் பட்டியலை உரிய காலத்தில் வெளியிடுவதும் அதன் கடமையாம்.

மீட்டர்களை வாசித்தல்

வாய்க்காலில் நீர் குறைந்தால் மதகு முதல் கடைமடை வரை பார்த்துச் செல்கிறோம். இங்கும் அம்முறையே ஏற்றது. விண்டோஸ் சர்வரை உதாரணமாகக் கொள்வோம். அதிலுள்ள பெர்பார்மன்ஸ் மானிட்டர் என்னும் கருவி, விநாடிக்கு வரும் விண்ணப்பங்கள், தள்ளப்பட்டவை, ஒன்றை முடிக்க ஆகும் நேரம், அதில் கையொப்பத்துக்கு மட்டும் ஆகும் நேரம் ஆகியவற்றை மீட்டர் போலத் தனித்தனியே காட்டும்.

ஒரு விண்ணப்பம் முடிய 900 மில்லி விநாடி ஆகிறதென வைத்துக்கொள்வோம். அதில் கையொப்பத்துக்கே 800 ஆனால், குறை பெரும்பாலும் சாவியைக் காக்கும் கருவியிலோ அதன் இணைப்பிலோ இருக்கும். கையொப்பத்துக்கு 50 மட்டுமே ஆனால், விதிச் சோதனையையும் பதிவேடு உள்ள வட்டையும் ஆராய வேண்டும். தள்ளப்பட்டவை பெருகினால், அதற்குரிய காரணத்தை முதலில் படித்தறிதல் வேண்டும்.

மீட்டரே பழுதானால்?

மீட்டர்கள் யாவும் பூஜ்யம் காட்டினால், சர்வர் நின்றுவிட்டதென உடனே முடிவு செய்தல் தவறு. சேவை ஓடுகிறதா, பார்ப்பவருக்கு அனுமதி உண்டா, மீட்டர்களின் பதிவு சிதைந்துள்ளதா என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். சிதைந்திருப்பின் அப்பதிவை மீண்டும் அமைத்தால் போதும்.

இதற்கு மாறாக, மீட்டர்கள் நன்றாயிருந்தும் கையொப்பங்கள் ஏற்கப்படாமற் போகலாம். ரத்துப் பட்டியலுக்கும் காலவரை உண்டு. புதியது வெளிவராமல் பழையது காலாவதியானால், நல்ல சான்றிதழும் சோதனையில் தேறாது. எனவே வேகத்தோடு, பட்டியலின் அடுத்த வெளியீட்டுத் தேதியையும் கண்காணித்தல் இன்றியமையாதது.

நாம் செய்ய வேண்டுவன

சர்வரைத் திருத்துவது நிபுணர் பணி. ஆயினும் நம் பங்கு சிறிதன்று.

1. சான்றிதழின் முடிவுத் தேதியைக் குறித்து வைத்து, முன்னதாகவே புதுப்பிக்க வேண்டும்.

2. அலுவலகக் கம்ப்யூட்டரின் தேதியும் நேரமும் சரியா எனப் பார்க்க வேண்டும்.

3. பிழை தோன்றிய நேரத்தையும் அதன் வாசகத்தையும் அப்படியே எழுதி அனுப்ப வேண்டும். நேரம் தெரிந்தால்தான் நிபுணர் அதனை மீட்டர்க் குறிப்புடன் ஒப்பிட இயலும்.

4. தாமதத்தைக் காரணமாக்கி, கையொப்பக் கருவியையும் இரகசிய எண்ணையும் பிறரிடம் ஒப்படைக்கலாகாது.

"சர்வர் சரியில்லை" என்ற ஒரே சொல்லால் பழுது தீராது. எந்தக் கட்டத்தில், எப்பொழுது நின்றது என்று கூறும் பஞ்சாயத்தே தன் மக்களின் பணத்தைக் காலத்தில் சேர்ப்பிக்கும்.