பித்தப்பையை எடுத்த பிறகும் வலி

தம்பி,

பித்தப்பையை எடுத்து மாதங்கள் ஆகியும் அம்மாவுக்கு வலது விலாவுக்குக் கீழே வலிப்பதாகவும், டோல்கேட் மருந்துக்கடையில் கேஸ் மாத்திரை வாங்கித் தருவதாகவும் எழுதியிருக்கிறாய். அந்த மாத்திரையை நம்பி நாளைக் கடத்தாதே. "கல்லைத்தான் எடுத்தாச்சே, இன்னும் என்ன வலி?" என்பவர்கள் பேச்சையும் கேட்காதே.

பித்தத்தைச் சுரப்பது கல்லீரல். பித்தப்பை அதைச் சேர்த்து வைக்கும் பை, அவ்வளவுதான். பை போனாலும் பித்தக்குழாய் இருக்கிறது. அதில் கல் தங்கியிருக்கலாம், குழாயே சுருங்கியும் போயிருக்கலாம்.

முதலில் அம்மாவிடம் ஒன்றைக் கேள்: ஆபரேஷனுக்கு முன்பு இருந்த அதே வலிதானா? அதே வலி என்றால், பழி கல்மேல் விழுந்திருக்க, காரணம் அல்சராகவோ குடல் கோளாறாகவோ இருந்திருக்கலாம். புது வலி என்றால் அதன் குணத்தைக் கவனி. சாப்பிட்ட பிறகு ஏறி, முதுகுக்கோ வலது தோளுக்கோ பரவி, மணிக்கணக்கில் நின்றால் குழாயைச் சந்தேகிக்க வேண்டும். தழும்பின்மேல் விரல் வைத்துக் காட்டுகிற வலி, இருமினால் கூடுகிறது என்றால் நரம்போ குடலிறக்கமோ. சாப்பிட்டதும் கழிப்பறைக்கு ஓட வைப்பது பெருங்குடலுக்குள் இறங்கும் பித்தமாக இருக்கலாம். அதற்குக் கொலஸ்டிரமின் என்ற மருந்து உண்டு. இதையெல்லாம் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவை. டாக்டருக்கு அது பெரிய உதவி.

வலி வந்த சில மணி நேரத்துக்குள் கல்லீரல் ரத்தப் பரிசோதனை எடுப்பது நல்லது. பிறகு வயிற்று ஸ்கேன், தேவைப்பட்டால் பித்தக்குழாயைக் காட்டும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேன். குழாயில் கல் தெரிந்தால், வாய்வழியே குழாய் விட்டுச் செய்யும் இ.ஆர்.சி.பி.யில் எடுத்துவிடலாம். ஆனால் பரிசோதனைகளில் எதுவும் தெரியாதபோது, குழாயின் வாய்த்தசையை வெட்டிப் பார்ப்போம் என்றால் உடனே தலையாட்டாதே. அமெரிக்காவில் இப்படிப்பட்ட 214 பேரிடம் நடந்த ஆய்வு 2014-ல் வெளிவந்தது. தசை வெட்டப்பட்டவர்களில் 23 சதவீதத்தினருக்குத்தான் வலித்தொல்லை நன்றாகக் குறைந்தது. வெட்டாமல், வெட்டியதுபோல் மட்டும் செய்யப்பட்டவர்களில் 37 சதவீதத்தினருக்கு! இ.ஆர்.சி.பி.யால் கணையம் வீங்கும் அபாயமும் உண்டு.

குளிர் காய்ச்சல், மஞ்சள் கண், டீ நிறச் சிறுநீர், நிற்காத வாந்தி, இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதே. வலியோடு நெஞ்சடைப்பும் வியர்வையும் சேர்ந்தால் முதலில் இ.சி.ஜி.

டிஸ்சார்ஜ் சம்மரி, பழைய ஸ்கேன், நோட்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு அம்மாவை அழைத்துப் போ. டோல்கேட்டில் மெட்ரோ ஏறினால் வண்ணாரப்பேட்டை நாலாவது ஸ்டேஷன், அங்கிருந்து பக்கம்தான். அம்மா வலியைக் குறைத்துச் சொன்னால், நீ முழுதாகச் சொல்.