மலையகத்து வேட்டைத் தோட்டா: வலிமையா, வரத்தா?

கேள்வி: மலையகத்தில் வேட்டையாடிய அக்காலத் துரைமார் தோட்டாவைத் தெரிவு செய்தபோது, அதன் வலிமையைப் பெரிதாகக் கருதினார்களா, அது தட்டின்றிக் கிடைப்பதைப் பெரிதாகக் கருதினார்களா? – வாசகர், ஹட்டன்

பதில்: இந்த இரண்டுக்கும் இடையிலான இழுபறியே உலோகத் தோட்டா வந்த பின்னர்தான் தொடங்கியது. 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் குடியிருந்த ஆங்கிலேய வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கர் கையாண்டவை வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துவக்குகளாதலால், ஈயமும் வெடிமருந்தும் கையிலிருந்தால் குண்டைத் தாமே வார்த்து, விலங்கின் பருமனுக்கேற்ப மருந்தைக் கூட்டவும் குறைக்கவும் அவரால் முடிந்தது. அக்காலக் குழல்கள் 'போர்' எண்ணால் அளக்கப்பட்டன. ஓர் இறாத்தல் ஈயத்தை எத்தனை சம உருண்டைகளாக்கினால் அவற்றில் ஒன்று குழலுக்குப் பொருந்துமோ அதுவே போர் எண் என்பதால், எண் சிறுக்கச் சிறுக்கக் குழல் பெருக்கும். யானைக்கு 10 போர் இரட்டைக்குழலை எடுத்துச்சென்ற பேக்கர், நுவரெலியாவின் அடர்ந்த காட்டில் மரையை வேட்டையாடப் பெரும்பாலும் நாய்களையும் கத்தியையுமே நம்பினார் என்பது கவனிக்கத்தக்கது. பத்தடிக்கு அப்பால் கண்ணுக்கு எதுவும் புலப்படாத காட்டில் நெடுந்தூரம் பாயும் குண்டுக்கு வேலையில்லை.

பித்தளை உறை, வெடிமருந்து, சன்னம் ஆகியவை ஒன்றாக இணைந்த தோட்டா வந்ததும் வேட்டைக்காரர் கடையையும் அரசாணையையும் சார்ந்தவரானார். பிரித்தானியப் படை 1888இல் ஏற்ற .303 தோட்டா, 1900இல் அமைக்கப்பட்ட சிலோன் பிளான்டர்ஸ் ரைபிள் கோர் என்ற தொண்டர் படையில் சேர்ந்த துரைமாருக்குப் பழகிய ஒன்றாயிற்று. ஆயினும் படைத்தோட்டாவின் சன்னம் முழுவதும் கடின உலோகப் போர்வை உடையதாகையால், மரையின் உடலை விரியாமல் துளைத்து வெளியேறி, காயமுற்ற விலங்கு காட்டுக்குள் ஓடிப் பல மணி நேரம் துடித்துச் சாகும் கொடுமைக்கு இடமளித்தது. வேட்டைக்குத் தேவையானது, முனையில் ஈயம் வெளித்தெரிந்து உடலுள் விரியும் மென்முனைச் சன்னமாகும். கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதசாலையின் பெயரால் அறியப்பட்ட அத்தகைய சன்னத்தை 1899ஆம் ஆண்டின் ஹேக் பிரகடனம் போரில் விலக்கியது. வேட்டையிலோ அதுவே இரக்கமுள்ள தெரிவாக நின்றது. எனவே எளிதில் கிடைக்கும் தோட்டா எப்போதும் தகுந்த தோட்டா ஆகிவிடாது.

சட்டம் வரத்தை எவ்வளவு மாற்றும் என்பதற்கு இந்தியா தெளிவான சான்றாகும். தோட்டாக்கள் கிளர்ச்சியாளர் கைக்குச் சென்றுவிடும் என்ற அச்சத்தால் அங்கு .450 அளவு தடைசெய்யப்பட்டபோது, இங்கிலாந்தின் துவக்குத் தயாரிப்பாளர் .470, .465 போன்ற புதிய அளவுகளைக் கொண்டுவந்தனர். அவை வேட்டையில் முந்தியதைவிடப் பெரிதாகச் சிறந்தவையல்ல, சட்டத்துக்கு உட்பட்டவை என்பதே அவற்றின் மேன்மை.

இன்றைய இலங்கையில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம் உரிமத்தையும், 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் விலங்குகளையும் ஆள்வதால், மரை வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. எஞ்சியிருப்பது மரக்கறித் தோட்டத்தைக் காட்டுப்பன்றியிடமிருந்து காப்பது மட்டுமே. அதற்காகச் சிலர் இடும் சுருக்குக் கம்பி, துவக்கைவிட மலிவானதும் கொடியதும் ஆகும். 2020 மே மாதம் நல்லதண்ணியில் கருஞ்சிறுத்தை ஒன்று அதில் சிக்கி, மீட்கப்பட்ட சில நாட்களில் இறந்தது.

உரிமம் பெற்றவருக்கு 12 போர் துவக்கும், பெரிய ஈயக் குண்டுகள் சில அடங்கிய எஸ்.ஜி. தோட்டாவுமே இம்மலைக்குத் தகுந்தவை. அதன் பயன்தூரம் நாற்பது மீற்றருக்குள் அடங்குவது குறைபாடு அல்ல; .303 சன்னம் குறி தவறினால் ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் வரை செல்லக்கூடுமாகையால், சரிவுதோறும் லயங்களும் கொழுந்து பறிப்போரும் உள்ள தோட்டத்தில் அந்தக் குறுகிய தூரமே அதன் பெருந்தகுதியாகும். அப்போதும் பன்றிக்குப் பின்னால் மண்மேடு இருப்பதை உறுதிசெய்த பின்னரே சுட வேண்டும்.